தோண்டிய நிலத்தில் மரம் வைக்குமுன்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான இருபத்துநான்கு மணி நேரத்தில் மயிலத்தில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை பெய்தது. ஓர் ஏக்கர் பரப்பின்மீது அரை மீட்டர் உயரத்துக்கு மழை விழுந்தால் அதன் அளவு ஏறத்தாழ இருபது லட்சம் லிட்டர் ஆகும். புல்லும் புதரும் மரமும் உள்ள பூமி இந்த நீரில் ஒரு பங்கை உட்கொண்டு, எஞ்சியதைச் சற்று நிதானமாக ஏரிக்கு அனுப்பும். கிராவலுக்காகவும் கல்லுக்காகவும் தோண்டிவிட்டுக் கைவிடப்பட்ட பூமியோ உட்கொள்வதும் இல்லை, நிதானிப்பதும் இல்லை. அது வந்த நீரையெல்லாம் சேறாக்கி அண்டை வயலின்மேல் கொட்டிவிடும். அந்த மழைக்குப் பின் பயிரின்மேல் சரளை படிந்து கிடக்கக் கண்ட அங்கத்தினர்களுக்கு இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய நிலங்களை மீண்டும் பசுமையாக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு எவருக்கும் இல்லை. எவ்வாறு என்பதில்தான் பிழை நேர்கிறது. பெரும்பாலோர் முதலில் நாற்றைத் தேடுகிறார்கள். மண்ணைப் பற்றிய விசாரணை, நாற்றுக்கள் காய்ந்த பிறகே தொடங்குகிறது.

நாம் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். நம் பகுதியைச் சேர்ந்த அங்கத்தினர் ஒருவர் தமது இரண்டு ஏக்கர் புன்செயில், பாதை நிரப்புவதற்கென ஐந்தடி ஆழத்துக்குக் கிராவல் எடுக்க இசைந்தார். லாரிகள் போன பின்னர், ஐப்பசியில் கடன் வாங்கி மாங்கன்றும் முந்திரிக் கன்றுமாக நட்டார். மார்கழி வரையில் எல்லாம் தழைத்தன. பங்குனியில் இலை சுருண்டது. சித்திரை முடிவில் பள்ளமான மூலையில் இருந்த சில கன்றுகள் தவிர மற்றவை பட்டுப்போயின. கன்று விற்றவரை ஒருவர் குறை கூறினார், ஆடுகளை மற்றொருவர் குறை கூறினார். கடன் மட்டும் குறைவின்றி நின்றது. பின்னர் அந்த நிலத்தில் கடப்பாரை கொண்டு ஒரு குழி எடுத்துப் பார்த்தோம். மேலே இருபது சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சரளை கலந்த மண், அதன்கீழ் லாரிச் சக்கரங்கள் இறுக்கிய கெட்டித் தரை, அதற்கும் கீழ் மொரம்பு. மாமரத்தை நட்ட இடம் உண்மையில் ஒரு தட்டு என்று சொல்லலாம்.

இதனைக் கணக்காகவும் பார்க்கலாம். மணல் கலந்த செம்மண் ஒரு மீட்டர் ஆழத்தில், பயிருக்குக் கிடைக்கக்கூடிய நீராக ஏறத்தாழ 120 மில்லிமீட்டரைப் பிடித்து வைக்கும். இருபது சென்டிமீட்டர் ஆழமே உள்ள மண்ணில் இது 24 மில்லிமீட்டர். அதில் பாதி சரளை என்றால் 12 மில்லிமீட்டர். கோடையில் மண்ணிலிருந்து ஆவியாவதும் இலை வழியே போவதுமாக நாள் ஒன்றுக்கு நான்கு மில்லிமீட்டர் செலவாகுமானால், மழை நின்ற மூன்றாம் நாளே பாண்டம் காலி. தோண்டப்படாத பக்கத்து நிலத்தில் 90 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நல்ல மண் இருக்குமாயின் அதில் 108 மில்லிமீட்டர் நீர் தங்கும். அதே செலவுக்கு இருபத்தேழு நாள் வரும். நம் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை உண்டு. ஆயினும் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையைச் சுற்றியே பெய்துவிடுகிறது. ஆகையால் வானம் தரும் அளவைப் போலவே, மண் சேமித்து வைக்கும் அளவும் கன்றின் ஆயுளை நிர்ணயிக்கிறது.

இந்தச் சேமிப்பை முன்கூட்டியே அறிவதற்கு உதவுவதுதான் மண் ஆய்வு. மண் பரிசோதனை வேறு, மண் ஆய்வு வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவோர் பலர். 2015-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் வழங்கப்படும் மண்வள அட்டை, மேல் மண்ணின் மாதிரியை எடுத்துத் தழை, மணி, சாம்பல் சத்துக்களும் நுண்ணூட்டங்களும் காரத் தன்மையும் எவ்வளவு என்று சொல்கிறது. அது பயிருக்கு உரம் இடுவதற்குப் பயன்படும். அதற்குக் கீழே பாறை இருக்கிறதா, களி இருக்கிறதா என்பதை அட்டை சொல்லாது. மண் ஆய்வாளரோ நின்ற இடத்தில் ஒன்றரை மீட்டர் வரையில் குழி வெட்டி, பக்கச் சுவரைச் செதுக்கி, அடுக்கு அடுக்காகப் பார்க்கிறார். ஒவ்வோர் அடுக்கின் நிறம், பதம், சரளையின் அளவு, சுண்ணாம்பு உள்ளதா, வேர் எதுவரை சென்றுள்ளது, நீர் எங்கே தடைப்படுகிறது என்பவற்றைக் குறிக்கிறார். ஒரே மாதிரி அடுக்குகளைக் கொண்ட மண்ணை ஒரு தொடர் என வகுத்து, அது முதலில் விவரிக்கப்பட்ட ஊரின் பெயரை அதற்கு இடுகிறார்கள். கோவை வட்டாரத்தில் இருகூர், பீளமேடு, பாலத்துறை என்னும் ஊர்ப் பெயர்கள் மண்ணின் பெயர்களாகவும் வழங்குவது இம்முறையில்தான்.

நம் ரயத்துவாரி முன்னோர்களும் மண்ணைத் தரம் பிரித்தார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டைப் புரட்டினால் 'மண் வயனமும் இரகமும்' என்று ஒரு கலம் இருக்கக் காணலாம். கரிசலா, செவ்வலா, மணலா என்ற பிரிவும் அதற்குள் தரமும் அங்கே பதிவாகியுள்ளன. அதை மதிக்க வேண்டியதே. எனினும் அந்தத் தரம் பார்த்தது தீர்வை விதிப்பதற்காக. எத்தனை அடி ஆழத்தில் மொரம்பு தட்டும் என்பது தீர்வைக்கு அவசியப்படவில்லை. மரம் வைப்பவருக்கு அதுதான் அவசியம்.

தமிழ்நாட்டில் வேளாண்மைத் துறையின் மண் ஆய்வு, நிலப் பயன்பாட்டு அமைப்பு கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு இப்பணியைச் செய்கிறது. அகில இந்திய அளவில் 1976-இல் ஏற்பட்ட தேசிய மண் ஆய்வு, நிலப் பயன்பாட்டுத் திட்டப் பணியகம் நாகபுரியில் இருக்கிறது. இவர்களுடைய படங்களில் ஒவ்வொரு துண்டு நிலத்தின்மேலும் பின்னம் போன்ற ஒரு குறி இருக்கும். கோட்டுக்கு மேலே மண் தொடரும் பதமும் ஆழமும், கோட்டுக்குக் கீழே சரிவும் அரிமானமும். மண்ணின் ஆழத்தை 25 சென்டிமீட்டருக்குக் குறைவு, 25 முதல் 50 வரை, 50 முதல் 75 வரை, 75 முதல் 100 வரை, அதற்கு மேல் என்று இந்நாளில் வகுக்கிறார்கள். இவற்றைக் கொண்டு நிலத்தின் திறனை எட்டு வகுப்புக்களாகப் பிரிக்கும் முறை அமெரிக்க நாட்டில் தோன்றியது. முதல் நான்கு வகுப்புக்கள் உழவுக்கு உரியவை. பின் நான்கும் புல்லுக்கும் மரத்துக்கும் காட்டுயிர்க்கும் உரியவை. 1930-களில் அந்நாட்டின் சமவெளிகளில் புழுதிப் புயல் வீசி மண்ணை அள்ளிச் சென்ற பிறகே, 1935-இல் அங்கே மண் பாதுகாப்புக்கென ஒரு தனி இலாகா ஏற்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். படத்தை அப்படியே நம்பித் தோண்டிய நிலத்தில் இறங்கக்கூடாது. முதற்காரணம், படத்தின் அளவு. ஐம்பதாயிரத்தில் ஒன்று என்ற அளவில் வரைந்த படத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது தரையில் 25 ஹெக்டேர். நம் அங்கத்தினரின் இரண்டு ஏக்கர் அதில் ஓர் எள்ளளவே இருக்கும். இரண்டாவது காரணம் அதைவிடப் பெரிது. ஆய்வு நடந்த நாளில் அங்கிருந்த மண் இன்று எங்கோ ஒரு சாலையின் அடியில் கிடக்கிறது. படம் பொய் சொல்லவில்லை, நிலந்தான் மாறிவிட்டது.

அப்படியானால் படத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். இழந்தது என்ன என்பதைச் சொல்வதே அதன் முதற்பயன். குழியின் விளிம்பில் தோண்டாமல் விட்ட வரப்போ, பக்கத்துப் புன்செயோ அதே மண் தொடரில் அமைந்திருக்கும். அங்கே ஒரு குழி, தோண்டிய நிலத்தில் மேடு, நடு, பள்ளம் என மூன்று குழி, ஆக நான்கு குழிகளை வெட்டி, படத்துடன் வரும் அறிக்கையின் விவரத்தை வைத்து ஒப்பிட்டால், எந்த அடுக்கு வரையில் போய்விட்டது, இப்போது மேலே நிற்பது எந்த அடுக்கு என்பது விளங்கும். மேல் மண் மட்டும் போய்ச் செம்மண் அடுக்கு நின்றால் ஒரு திட்டம். சுக்கான் அடுக்கு வெளிப்பட்டிருந்தால் வேறு திட்டம். மொரம்பு வரை போய்விட்டதானால் மாவும் முந்திரியும் என்ற பேச்சையே விட்டுவிடவேண்டும்.

குழியில் பார்ப்பதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே வைத்து நாடா போலப் பிதுக்கிப் பார்க்கலாம். இரண்டரை சென்டிமீட்டர் நீளம் வருமுன் ஒடிந்தால் மணற்பாங்கு. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் களி. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில துளிகள் விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. மாலையில் குழியில் நீர் நிரப்பிவிட்டு மறுநாள் காலையில் பார்க்க வேண்டும். நீர் அப்படியே நின்றால் கீழே தட்டு இறுகியிருக்கிறது என்று பொருள். நம் நெசவாள அங்கத்தினர்கள் நூலை விரலால் உருட்டியே அதன் முறுக்கைச் சொல்லிவிடுவார்கள். மண்ணின் பதம் பார்ப்பதும் அத்தகைய கைப்பழக்கமே.

நம் ஊருக்குக் கிழக்கே, வானூர் வட்டத்தின் மேட்டு நிலத்தில், இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் பாடுபட்டுக் கற்ற ஒரு குடியிருப்பு உண்டு. 1968 பிப்ரவரி 28-இல் ஆரோவில் தோற்றுவிக்கப்பட்டபோது அந்த மேடு ஏறத்தாழ மொட்டையாக இருந்தது. காடு வெட்டப்பட்டு நெடுங்காலமாகியிருந்தது. மேல் மண் கடலுக்குப் போய், கெட்டியான செந்தரை வெளிப்பட்டு, பொம்மையார்பாளையம் பக்கத்தில் ஆழமான ஓடைப் பள்ளங்கள் அறுத்துக் கிடந்தன. அங்கு வந்தவர்கள் நட்ட கன்றுகளுக்கு மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டு ஊற்றினார்கள். கன்று பிழைப்பதற்கு நீரும் மண்ணும் ஓடாமல் நிற்பது முதல் தேவை என்பதை அறிந்து, சரிவுக்குக் குறுக்கே வரப்புக்களும் ஓடைகளில் தடுப்பணைகளும் கட்டினார்கள். ஏழை மண்ணிலும் விரைந்து வளர்ந்து, தழை உதிர்த்து, நிழல் தரும் அகேசியா ஆரிகுலிஃபார்மிஸ் என்ற ஆஸ்திரேலிய மரத்தை முன்னோடியாக வைத்தார்கள். அதன் நிழலில் இம்மண்ணுக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்களைக் கொண்டுவந்தார்கள். இன்று அங்கு காடு நிற்பதை யாரும் சென்று காணலாம்.

அந்த முன்னோடி மரத்தைப் பற்றி மேலும் ஒன்று கூற வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது ஆரோவிலில் ஏராளமான மரங்கள் விழுந்தன. இந்த வந்தேறி மரங்கள் அவற்றில் மிகுதி. விரைந்து வளர்வது ஒரு குணம், புயலில் நிற்பது வேறொரு குணம். முன்னோடியை முன்னோடியாகவே வைத்துக்கொண்டு, பின்வருபவற்றுக்கு இடம் விடச் செய்யவேண்டும் என்பதே நம் கருத்து. சீமைக் கருவேல் தானாகவே வந்து மூடிவிடுமே, செலவில்லையே என்று சொல்கிறவர்களுக்கும் இதுவே பதில். அது யாருக்கும் இடம் விடுவதில்லை.

பின்வர வேண்டியவை எவை என்பதை அறியவும் நம் மாவட்டத்திலேயே ஓர் ஏடு திறந்து கிடக்கிறது. கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடு, வெட்டப்படாமல் தெய்வத்தின் பெயரால் காக்கப்பட்ட பழைய காட்டின் ஒரு துண்டு. வீரை, காயா, உலக்கைப்பாலை போன்றவை நம் கடலோரச் செம்மண்ணிலும் மணலிலும் ஆள் தயவின்றி நிற்பவை. தோண்டாத நிலத்தில் வெட்டும் ஒப்பீட்டுக் குழி மண்ணுக்கு எப்படியோ, கோயிற்காடு மரத்துக்கு அப்படி.

நெய்வேலியின் அனுபவம் இன்னொரு வகையானது. 1956-இல் நிறுவனம் ஏற்பட்டு, 1957 மே 20-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடக்கிவைத்தார். பழுப்பு நிலக்கரிக்கு மேலே பல பத்து மீட்டர் கனத்துக்கு மணற்கல்லும் களியும் இருக்கின்றன. திருவக்கரையில் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்மரங்களைத் தாங்கியிருக்கும் கடலூர் மணற்கல் என்னும் அதே படிவந்தான் அதுவும். அதைப் பெயர்த்துக் குவிக்கும்போது அடியிலிருந்தது மேலே வருகிறது. பார்வைக்கு அது மண்தான். ஆனால் சூரியனையும் வேரையும் மண்புழுவையும் அது கண்டதே இல்லை. மக்கு இல்லை, தழைச்சத்து இல்லை, உயிர் இல்லை. தொழுவுரமும் பசுந்தாள் உரமும் இட்டு, வேளாண் பல்கலைக்கழகத்தாரின் ஆராய்ச்சித் துணையுடன் அங்கே குவியல்களில் பயிரும் மரமும் கொண்டுவரப்பட்டன. அதற்கு ஆண்டுகளும் பொருளும் தேவைப்பட்டன. இதைவிட எளிது, மேல் மண்ணை முதலிலேயே தனியாக எடுத்து வைப்பது.

இந்த ஒன்றைத் தோண்டுமுன்பே கவனிக்க வேண்டும் என்று அங்கத்தினர்களை வற்புறுத்துகிறோம். அமெரிக்காவில் 1977-இல் இயற்றிய சுரங்கச் சட்டம், சிறந்த விளைநிலத்தில் நிலக்கரி எடுக்குமுன் மண் ஆய்வு செய்து, அடுக்குகளைத் தனித்தனியே எடுத்து வைத்து, பின்னர் பொதுவாக 48 அங்குலத்துக்குக் குறையாத ஆழத்துக்கு அவற்றை மீண்டும் அடுக்க வேண்டும் என்று விதிக்கிறது. நம் நாட்டிலும் 2012 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் குத்தகைகளும் சுற்றுச்சூழல் அனுமதிக்கு உட்பட்டன. நிலத்தைக் குத்தகைக்கு விடும் உறுப்பினர் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: மேல் மண் முப்பது சென்டிமீட்டரும் தனியாகக் குவிக்கப்பட வேண்டும், எடுத்துச் செல்லப்படக்கூடாது. குவியல் ஆளுயரத்துக்கு மேல் போனால் உள்ளே காற்றின்றி நுண்ணுயிர் மடியும். அதன்மேல் கொளுஞ்சியோ சணப்போ விதைத்து வைத்தால் மழை கரைக்காது. நீண்ட நாள் வைக்காமல் திரும்பப் பரப்ப வேண்டும்.

ஏற்கெனவே இழந்துவிட்டவர்கள் வேறோர் இடத்து மேல் மண்ணை விலைக்கு வாங்கலாமா? ஓர் ஏக்கரில் 15 சென்டிமீட்டர் பரப்புவதற்கு 600 கன மீட்டர், அதாவது இருநூறு யூனிட்டுக்கு மேல் வேண்டும். அதைக் கொடுக்கும் நிலம் அடுத்த மொட்டை நிலமாகும். ஏரி வண்டல் அவ்விதமன்று. அதை எடுப்பதால் ஏரிக்கும் நன்மை. புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை வண்டல் எடுக்க 2017-இல் திருத்திய விதிகள் இடம் தந்தன. அதை நிலம் முழுதும் இறைத்தால் இரண்டு சென்டிமீட்டர்தான் வரும், முதல் மழையில் போய்விடும். ஐந்து மீட்டருக்கு ஒன்றாக ஏக்கருக்கு 160 குழிகள், குழி ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் கன சதுரம் என்று வைத்தால், அவற்றை நிரப்ப 35 கன மீட்டர் போதும். எஞ்சியதை வரப்போரத்தில் புல் விதைக்கும் வரிசைகளில் இடலாம்.

இனி நெசவாளர்களைப் பற்றி. தோண்டிய நிலத்தில் அவர்களுக்கு என்ன தொடர்பு என்று எண்ண வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாற்காடு மாவட்டம் அவுரிக்குப் பெயர் பெற்றது. 1897-இல் ஜெர்மானியர் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பின் அத்தொழில் மெலிந்தது. ஆயினும் திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி சாகுபடி மறையவில்லை. இயற்கைச் சாயத்துக்கு இன்று மீண்டும் கிராக்கி இருக்கிறது. அவுரி பயறு வகைக் குடும்பத்தது, வேர் முடிச்சுக்களால் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்ப்பது; சாயம் இறக்கிய சக்கையும் நல்ல உரம். ஆகவே மேல் மண் மட்டும் இழந்து, அரை மீட்டராவது வடியும் செம்மண் நிற்கும் இடத்தில், இரண்டு மூன்று ஆண்டு அவுரி விதைத்து மண்ணைத் தேற்றிய பின் மரத்துக்குப் போகலாம். நீர் தேங்கும் பள்ளத்தில் அது அழுகிவிடும். அங்கே பாய் நெசவுக்கான கோரை பொருந்தும். சிவப்புச் சாயம் தரும் சாயவேரையும் சிலர் கேட்கிறார்கள். மணற்பாங்கில் அது நன்றாக வரும். ஆனால் வேரைத் தோண்டியெடுக்கும் பயிரைச் சரிவான மொட்டை நிலத்தில் வைப்பது, ஆறிவரும் புண்ணைக் கிளறுவது போலாகும்.

முன்சொன்ன இரண்டு ஏக்கருக்கு நான்கு குழிகளின் விவரத்தைக் கொண்டு வகுத்த திட்டம் இது. மேட்டில் மொரம்பு தட்டிய அரை ஏக்கரில் மரம் இல்லை. கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும், இடையிடையே விராலியும் ஆவாரையும். நடுவில் இறுகிய தரையை உளிக்கலப்பையால் அரை மீட்டர் ஆழம் கீறுவது. இதைச் சித்திரை, வைகாசியில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது செய்தால்தான் தட்டு நொறுங்கும். ஈரத்தில் கீறினால் கத்தி போன தடம் மட்டும் நிற்கும். கீறிய நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே வரப்பு, பிறகு வண்டல் நிரப்பிய குழிகளில் உசில், வெள்வேல், வேம்பு. ஓரிடத்தில் அமிலம் விட்டு நுரைத்த துண்டில் வேம்பு மட்டும். சுக்கான் தரையில் முந்திரி நிற்காது. நீர் தங்கும் மூலையில் புங்கனும் நீர்மருதும், கரையோரம் கோரையும். சென்ற முறை அங்கே தப்பிப் பிழைத்த கன்றுகளில் மாங்கன்று ஒன்று இருக்கிறது. அதை வெட்ட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார், நாமும் ஒப்பினோம். முதல் ஆண்டில் கன்றுக்குச் செலவாகும் தொகை, சென்ற முறை வாங்கிய கடனில் பாதிகூட ஆகாது. மிச்சம் கலப்பை வாடகைக்கும் வரப்புக் கூலிக்கும் போகிறது.

தங்கள் நிலத்தில் குழி எடுத்துப் பார்க்க விரும்பும் அங்கத்தினர்கள் 'அ' பதிவேட்டு நகலையும் மண்வள அட்டை இருப்பின் அதனையும் கொண்டு சங்க அலுவலகத்துக்கு வரலாம். ஆடி மாதத்துக்குள் குழிகளை வெட்டி முடித்தால், புரட்டாசியில் எந்தக் கன்று எத்தனை வேண்டும் என்று நாற்றங்காலுக்கு முன்னதாகவே எழுதிவிடலாம்.